கேபிளை நிறுத்திய வீட்டிலிருந்து "டிவி ஓடலப்பா" என்று அழைப்பு வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, பெற்றோர் வீட்டில் உள்ள கேபிள் அல்லது டிடிஹெச் இணைப்பை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக இணையம் வழியே படங்களையும் தொடர்களையும் காட்டும் ஓடிடி செயலிகளை ஏற்படுத்திக் கொடுப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஏற்படுத்திய அன்று எல்லாம் சரியாகவே ஓடும். பிள்ளை திரும்பிப் போன பிறகுதான் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும். கேபிள் இருந்த காலத்தில் எது பழுதானாலும் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரர் ஒருவரே பொறுப்பு. ஓடிடிக்கு மாறிய வீட்டிலோ மின்சாரம், இணைய இணைப்பு, டிவி அல்லது அதில் செருகிச் செயலிகளை ஓட்டும் ஸ்டிக் என்ற சிறு கருவி, சந்தா ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு தரப்பினருடையவை. நான்கில் எது பழுதானாலும் வீட்டிலிருந்து வரும் புகார் மட்டும் "டிவி ஓடலப்பா" என்ற ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும்.

எனவே "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று உடனே சொல்லிவிடாமல், முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முதல் கேள்வி. ஆங்கிலத்தில் இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் அனுப்பச் சொன்னால் போதும். யூடியூப் ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. யூடியூப் பார்க்கச் சந்தா தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, கணக்குகூடக் கட்டாயமில்லை. எனவே எலக்ட்ரீசியனுக்கு டெஸ்டர் எப்படியோ அப்படியே நமக்கு யூடியூப். அது ஓடினால் மின்சாரம், இணையம், கருவி ஆகிய மூன்றும் நன்றாக இருக்கின்றன என்றும், கோளாறு சந்தாவிலோ குறிப்பிட்ட செயலியிலோதான் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அது ஓடாவிட்டால் ஹாட்ஸ்டாரை அழித்து மீண்டும் நிறுவுவதெல்லாம் வீண் வேலை.

மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு

கோளாறுகளுக்குள் நுழையும் முன், நிறுத்தியதே சரிதானா என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் பின்னால் வரும் புகார்களில் பாதிக்கு விதை இங்கேதான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கட்டண விதிகளின்படி, சந்தாதாரர் முதல் நூறு சேனல்களுக்கு அதிகபட்சம் 130 ரூபாயும் அதற்கு 18 சதவீத வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு அடிப்படைக் கட்டணமாகச் செலுத்தி, கட்டணச் சேனல்களுக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2020இல் அதே 130 ரூபாய்க்கு இருநூறு சேனல்கள் என்றானது. 2024இல் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. சன், ஸ்டார் (விஜய் டிவி), ஜீ ஆகிய மூன்று குழுமங்களின் தொகுப்புகளையும் சேர்த்தால் மாதக் கட்டணம் முந்நூறு ரூபாயைத் தொடுவது இயல்பு.

இதற்கு எதிரே இணையச் செலவை வைத்துப் பாருங்கள். மாதம் 399 ரூபாய் என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு ஃபைபர் திட்டம்கூட வரியோடு 471 ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல்தான் ஓடிடி சந்தாக்கள். வீட்டில் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே இணையம் இருந்தால், கேபிள் பணத்தில் ஓடிடி சந்தா போக மீதி மிச்சமாகும். டிவிக்காக மட்டுமே புதிதாக இணையம் போடுவதாக இருந்தால், பெரும்பாலான வீடுகளில் செலவு குறையாது, கூடும். கைபேசி டேட்டாவை ஹாட்ஸ்பாட் வழியே டிவிக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் நிலைக்காது. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறத்தாழ 3 ஜிபி வரை செலவாகும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜில் ஒரு படம் முடியும் முன்பே வேகம் படுத்துவிடும்.

நிறுத்தும் முன் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். சிற்றூர்களில் கேபிள் இணைப்பையும் ஃபைபர் இணைப்பையும் ஒரே ஆபரேட்டர் கொடுப்பது சகஜம். கேபிளை வெட்டச் சொன்னால் கம்பத்தில் ஏறுபவர் எந்த வயரை வெட்டுவார் என்பதையும், இணையக் கட்டணம் கேபிளோடு சேர்த்துச் சலுகையில் கொடுக்கப்பட்டதா என்பதையும் அவரிடமே நேரில் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். குறைந்தது ஒரு மாதமாவது கேபிளும் ஓடிடியும் சேர்ந்து ஓடட்டும். அந்த மாதத்தில் அம்மா எத்தனை முறை பழைய ரிமோட்டை எடுக்கிறார் என்பதே முடிவைச் சொல்லிவிடும்.

"டிவி எரியுது, ஆனா ஒண்ணும் வரல"

திரையில் "நோ சிக்னல்" என்று இருந்தால், அது பெரும்பாலும் கோளாறே அல்ல. செட்டாப் பாக்ஸ் செருகியிருந்த ஹெச்டிஎம்ஐ வழியைத்தான் டிவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பொத்தானை அழுத்தி, ஸ்டிக் செருகியுள்ள வழிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஸ்மார்ட் டிவியாக இருந்தால் ஹோம் பொத்தானே போதும். பல டிவிகளில், போட்டவுடன் முகப்புத் திரைக்குப் போவதா கடைசியாகப் பார்த்த வழிக்குப் போவதா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறது. அதை ஒருமுறை மாற்றி வைத்தால் இந்த அழைப்பு மீண்டும் வராது.

முகப்புத் திரை வருகிறது, ஆனால் எந்தச் செயலியைத் திறந்தாலும் இணையம் இல்லை என்கிறது என்றால், வீட்டில் அப்போது மின்சாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். டிவிதான் எரிகிறதே என்பார்கள். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஹால் விளக்கு, மின்விசிறி, டிவி ஆகியவை இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். பிறகு வந்த ரூட்டரோ வாசல் பக்கத்திலோ மாடிப்படி அருகிலோ கிடைத்த பிளக்கில், நேரடி மின்சார லைனில் இருக்கும். மின்சாரம் போனால் டிவி மட்டும் எரியும், இணையம் போய்விடும். எலக்ட்ரீசியனை வைத்து ரூட்டர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், 12 வோல்ட் ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் ரூட்டர் அணைந்து, மறுபடி எழச் சில நிமிடங்கள் எடுக்கும் தொல்லையை அது தவிர்க்கும். வாங்கும்போது ரூட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் எண்களோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்சாரம் இருந்தும் இணையம் இல்லை என்றால், ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை: எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது பெட்டியின் பின்புறம் செருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் வயர் மடங்கியிருக்கிறது. ஒட்டடை அடித்த மறுநாள் இந்தப் புகார் வந்தால் இரண்டாவது காரணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது, மடிப்பை நிமிர்த்தி இணைப்பை மெதுவாக அழுத்திவிடுவது மட்டுமே. அதன் பிறகும் சிவப்பாக இருந்தால் இணையக்காரரைத்தான் அழைக்க வேண்டும்.

வைஃபை இணைந்திருக்கிறது, கைபேசியில் இணையம் நன்றாக ஓடுகிறது, டிவியில் மட்டும் எல்லாச் செயலிகளும் பிழை காட்டுகின்றன என்ற நிலை ஒன்று உண்டு. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு சில மலிவு டிவிகள் தேதியை மறந்து பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகின்றன. தேதி தவறாக இருந்தால் செயலியின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று டிவி முடிவு செய்து, இணைப்பை மறுத்துவிடும். அமைப்புகளில் தேதியையும் நேரத்தையும் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

"நடுவுல நின்னு நின்னு வட்டம் சுத்துது"

இது வேகக் குறைவு என்று எண்ணி, அதிக வேகத் திட்டத்துக்கு மாறப் பணம் கட்டுபவர்கள் அதிகம். ஹெச்டி படத்துக்கு நொடிக்கு 5 எம்பிட் வேகம் போதும், 4கே படத்துக்கு 15 போதும் என்பது நெட்ஃப்ளிக்ஸின் கணக்கு. 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 எம்பிட்) திட்டமே ஒரு டிவிக்குத் தாராளம். பிரச்சினை வேகத்தில் இல்லை, அந்த வேகம் டிவி வரை போய்ச் சேருவதில்தான் இருக்கிறது.

பழைய வீடுகளின் சுவர்கள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். வாசலில் உள்ள ரூட்டருக்கும் ஹாலில் உள்ள டிவிக்கும் நடுவே அத்தகைய இரண்டு சுவர்கள் இருந்தால், வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது. சோதிக்கும் முறை எளிது: கைபேசியை டிவியின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இணைய வேகத்தை அளக்கும் ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள், பிறகு ரூட்டரின் அருகில் போய் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது. ரூட்டர் அருகிலேயே எண் குறைவாக இருந்தால் மட்டும் இணையக்காரரிடம் பேசுங்கள்.

வீட்டுக்குள் குறை என்றால், ரூட்டரிலிருந்து சுவரோரமாக ஒரு லேன் கேபிளை (இணைய வயரை) இழுத்து டிவியின் பின்னால் செருகுவதைவிட நல்ல மருந்து இல்லை. பார்க்க அழகாக இருக்காது என்று மறுப்பார்கள். கேபிள் டிவியின் கறுப்பு வயர் இத்தனை ஆண்டுகள் அதே சுவரில் ஓடியதை நினைவூட்டலாம். லேன் இழுக்க வழியில்லாவிட்டால் ரூட்டரை ஹாலுக்கு நகர்த்துவது அடுத்தது. சிக்னலைப் பெருக்குவதாகச் சொல்லி விற்கப்படும் மலிவுக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலவீனமான சிக்னல் கிடைக்கும் இடத்தில் அவற்றை வைத்தால் பலவீனத்தையே பெருக்கித் தரும்.

ஸ்டிக் பயன்படுத்தும் வீட்டில், படம் நிற்பதோடு ஸ்டிக்கே அணைந்து அணைந்து எழுகிறது என்றால், அதன் மின் வயர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். டிவியின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு அது போதாது. உடன் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் தீரும். சுவரில் பிளக் காலியில்லை என்பதற்காக யாரோ மாற்றியிருப்பார்கள்.

"போன்ல வருது, டிவில வரல"

பணம் கட்டிய செயலிகளைப் பற்றிய புகார்களில் இதுவே மிகுதியாக வருகிறது. இதற்குள் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, சந்தாவே கைபேசிக்கு மட்டுமானது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது, மூன்று மாதங்களுக்கு 149 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட திட்டம் ஒரே ஒரு கைபேசியில் மட்டும் பார்ப்பதற்கானது. டிவியிலும் பார்ப்பதற்கு அதே காலத்துக்கு 299 ரூபாய்த் திட்டம் தேவைப்பட்டது. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டமும் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் உரியதே. கைபேசி ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓடிடி சந்தாக்களிலும் பல இவ்வகையைச் சேர்ந்தவை. "ரீசார்ஜ்லயே ஹாட்ஸ்டார் வருதுன்னு சொன்னாங்களே" என்று அப்பா கேட்பதில் தவறில்லை. சொன்னவர் டிவி என்று சொல்லவில்லை. சந்தா வாங்கும் முன் திட்டப் பட்டியலில் டிவி என்ற சொல் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டாவது, கைபேசித் திரையை அப்படியே டிவியில் காட்டும் ஸ்கிரீன் மிரரிங் முறையைப் பயன்படுத்துகிறார்கள். யூடியூப் வரும், கல்யாண வீடியோ வரும். கட்டணச் செயலியைத் திறந்தால் டிவித் திரை கறுப்பாகிவிடும், சில நேரம் சத்தம் மட்டும் கேட்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இது. கைபேசி அமைப்புகளில் தேடிப் பயனில்லை. கைபேசித் திட்டத்தை டிவியில் பார்க்கும் குறுக்கு வழியாகத்தான் பலரும் இதை முயல்கிறார்கள். நிறுவனங்களும் அதை எதிர்பார்த்தே அடைத்து வைத்திருக்கின்றன. ஹெச்டிஎம்ஐ வயரை இரண்டாகப் பிரிக்கும் மலிவுக் கருவிகளாலும், பழைய குழாய் டிவிக்கு ஹெச்டிஎம்ஐயை மூன்று வண்ண வயராக மாற்றும் பெட்டிகளாலும் இதே கறுப்புத் திரை வரலாம். குழாய் டிவியைப் பொறுத்தவரை, படம் வந்தாலும் எழுத்துகளைப் படிக்க முடியாது. அந்த வீட்டில் கேபிளை நிறுத்தாமல் விடுவதே நல்லது.

மூன்றாவது, டிவியோ பெட்டியோ உரிய சான்று பெறாதது. "ஆண்ட்ராய்டு டிவி" என்று பெட்டியின் மேல் அச்சிட்டு மலிவாக விற்கப்படும் கருவிகளில் பல, கைபேசிக்கான ஆண்ட்ராய்டைப் பெரிய திரையில் ஏற்றியவை. வைட்வைன் எனப்படும் பாதுகாப்பு முறையின் கீழ்நிலையான எல்3 மட்டும் உள்ள கருவிகளில், கட்டணச் செயலிகள் திறக்கவே திறக்காது, அல்லது 480பி அளவுக்கு மங்கலாகவே ஓடும். "காசு கட்டியும் படம் மங்கலா இருக்கு, கேபிளே தேவலாம்" என்ற புகாரின் அடியில் இருப்பது பெரும்பாலும் இதுவே. நல்ல நிறுவனத்தின் டிவியாகவே இருந்தாலும், அது பழையதானால் செயலிகள் புதுப்பிப்பதை நிறுத்திவிடும்; மூடப்பட்ட செயலியின் ஐகான் மட்டும் முகப்பில் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: டிவியை மாற்ற வேண்டாம், அதில் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் சான்று பெற்ற ஒரு ஸ்டிக்கைச் செருகுங்கள்.

"இந்த டிவி உங்க வீட்டு டிவி இல்லைன்னு வருது"

பெங்களூரில் இருக்கும் மகனின் நெட்ஃப்ளிக்ஸ் கணக்கைத் திருநெல்வேலியில் இருக்கும் பெற்றோர் வீட்டு டிவியில் போட்டுவைத்தால் வரும் செய்தி இது. 2023 ஜூலையிலிருந்து நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவில், ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்கிறது. டிவி எந்த இணைய இணைப்பில் இருக்கிறது என்பதைக் கொண்டு வீட்டை அடையாளம் காண்கிறது. பயணத்தில் இருப்பதாகக் கூறி அவ்வப்போது குறியீடு வாங்கிச் சமாளிக்கலாம், ஆனால் அந்தக் குறியீடு மகனுக்குத்தான் வரும். அவர் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போதுதான் அப்பா டிவியைப் போடுவார். குடும்பம் ஒன்றுதான் என்று நாம் நினைக்கலாம், நிறுவனத்தின் கணக்கில் அவை இரண்டு வீடுகள். பெற்றோர் வீட்டு இணையத் திட்டத்தோடு சேர்ந்து வரும் சந்தா இருந்தால் அதைப் பயன்படுத்துவதும், இல்லையென்றால் அவர்கள் நெட்ஃப்ளிக்ஸ் பார்க்கிறார்களா என்பதையே கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அது பெரும்பாலும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பார்ப்பதற்காகப் போட்டதாகவே இருக்கும்.

பிரைம் வீடியோவில் செய்தி வேறு மாதிரி வரும். 2025 தொடக்கத்திலிருந்து ஒரு கணக்குக்கு ஐந்து கருவிகள், அவற்றில் டிவி இரண்டு மட்டும் என்று வரம்பு இருக்கிறது. மகன் வீட்டு டிவி, பெற்றோர் வீட்டு டிவி என்று இரண்டும் நிரம்பிய பிறகு, தங்கை வீட்டு டிவியில் போட்டால் யாராவது ஒருவருக்குத் தடங்கல் வரும். கணக்கின் அமைப்புகளில் பழைய கருவிகளை நீக்க முடியும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்ட டிவி இன்னும் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"என் சீரியல் எங்கப்பா?"

இதற்குத் தொழில்நுட்பக் கோளாறு எதுவும் காரணமில்லை. ஆனாலும் கேபிளுக்குத் திரும்பும் வீடுகள் பெரும்பாலும் இதனால்தான் திரும்புகின்றன. ஆகவே இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

கேபிளில் எல்லாச் சேனல்களும் ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் அதற்குரிய எண்ணில் இருந்தன. இரவு எட்டரை மணிக்கு எண்ணை அழுத்தினால் தொடர் வந்துவிடும். தேட வேண்டியதில்லை, தேர்ந்தெடுக்க வேண்டியதுமில்லை. ஓடிடியில் சன் டிவியின் தொடர்கள் சன் நெக்ஸ்ட்டிலும், விஜய் டிவியின் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரிலும், ஜீ தமிழின் தொடர்கள் ஜீ5இலும் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே சந்தா வாங்கும் முன், அம்மா உண்மையில் பார்க்கும் தொடர்களின் பெயர்களை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். "எல்லாந்தான் பாப்பேன்" என்பார். நிற்காமல் கேட்டால் நான்கைந்து பெயர்களுக்கு வந்து சேரும். அவை பெரும்பாலும் ஒன்றிரண்டு சேனல்களுக்குள் அடங்கிவிடும். அந்தச் செயலிகள் மட்டும் போதும். மூன்று குழுமங்களிலும் தொடர் பார்க்கும் அம்மாவுக்கு மூன்று சந்தாக்கள் தேவைப்படும். அப்போது கேபிளே மலிவாகவும் இருக்கும், எளிதாகவும் இருக்கும். இதை ஒப்புக்கொள்வதில் பிள்ளைகளுக்குத்தான் தயக்கம்.

செயலிகளைப் போட்ட பிறகு, முகப்புத் திரையில் அவரது செயலிகளை முதல் இடங்களுக்கு நகர்த்தி, மற்றவற்றை நீக்கவோ கடைசிக்குத் தள்ளவோ வேண்டும். ஒவ்வொரு செயலியிலும் அவரது தொடர்களைப் பிடித்தவை பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த அத்தியாயம் முகப்பிலேயே நிற்கும். குழந்தைகள் பயன்படுத்தும் கணக்கிலேயே அவரையும் பார்க்கவிட்டால் முகப்பு முழுவதும் பொம்மைப் படங்களாகிவிடும். ஆகையால் அவருக்கென்று தனிச் சுயவிவரம் வேண்டும். பிறகு ஒரு தாளில், பெரிய எழுத்தில், தமிழில், "ஹோம் பொத்தான், வலப்பக்கம் இரண்டு முறை, நடுப் பொத்தான்" என்று படிகளை எழுதி டிவி மேசையில் ஒட்டிவையுங்கள். குரல் தேடலையும் பழக்கலாம். யூடியூபில் மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு தமிழில் பேசினாலே புரிந்துகொள்கிறது. கூச்சம் விலகச் சில நாள் ஆகும்.

செய்திச் சேனல்களுக்குச் சந்தா எதுவும் தேவையில்லை. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ், நியூஸ்18 தமிழ்நாடு ஆகியவை யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. நேரலையின் சுட்டி மாறக்கூடும் என்பதால், குறிப்பிட்ட வீடியோவைச் சேமித்து வைக்காமல், சேனலுக்கே சப்ஸ்கிரைப் செய்துவையுங்கள். தூர்தர்ஷன் சேனல்களுக்கு, அதை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலி இருக்கிறது.

"பக்கத்து வீட்ல கத்துறாங்க, இங்க இன்னும் பாலே போடல"

கிரிக்கெட் பார்க்கும் அப்பாவின் நியாயமான புகார். இணையவழி நேரலை, கேபிளைவிடச் சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம் வரை பின்தங்கும்; படத்தைத் துண்டு துண்டாக அனுப்பிச் சேர்த்துவைத்து ஓட்டும் முறையே அப்படித்தான். இதற்கு மருந்து கிடையாது. நடுவில் நிறுத்திவைத்துப் பிறகு ஓட்டினால் தாமதம் இன்னும் கூடும். நேரலை என்ற பொத்தானை அழுத்தி முன்னுக்கு வருவது மட்டுமே செய்யக்கூடியது. இந்தியா ஆடும் முக்கிய ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவருக்கு இன்னொரு வழி உண்டு: தேசிய முக்கியத்துவம் பெற்ற விளையாட்டுகளைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிற 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை தூர்தர்ஷனில் வரும், மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியே பார்க்கலாம். ஐபிஎல் அதில் அடங்காது. தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்து ஃப்ரீ டிஷ் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

"படம் வருது, சத்தம் வரல". "ரிமோட் வேலை செய்யல"

குறிப்பிட்ட செயலியில் மட்டும் சத்தம் இல்லை என்றால், அது டால்பி வடிவில் அனுப்பும் ஒலியை டிவியோ பழைய ஹோம் தியேட்டரோ பிரித்தெடுக்க முடியவில்லை என்று பொருள். ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் டால்பியை நிறுத்தி, பிசிஎம் அல்லது ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் இணைப்பை மறந்திருந்தால், புதிய பேட்டரி போட்டு ஹோம் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டிக் உறைந்து நின்றால் நடுப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தினால் அது மறுபடி எழும். ரிமோட்டே காணவில்லை என்றால், ஒரே வைஃபையில் உள்ள கைபேசியில் அந்த நிறுவனத்தின் செயலியைப் போட்டு ரிமோட்டாகப் பயன்படுத்தலாம்.

"காசு கட்டியும் விளம்பரம் வருது"

இது பிழை அல்ல, திட்டத்தின் இயல்பு. பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் விளம்பரங்களைச் சேர்த்தது. அவை வேண்டாம் என்றால் மாதம் 129 அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. மலிவுத் திட்டங்களில் பல இப்போது விளம்பரத்தோடுதான் வருகின்றன. கேபிளிலும் விளம்பரம் பார்த்துப் பழகிய பெற்றோருக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் அவர்களையே கேளுங்கள்.

"ஓடிபி கேக்குது, யாரோ போன் பண்ணாங்க"

இந்த அழைப்பு வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். டிவியில் பிழை வந்ததும், பெரியவர்கள் இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, போலி எண்ணில் மாட்டிக்கொள்வது நடக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் டிவியைச் செயல்படுத்தப் பணம் கேட்பார், அல்லது கைபேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வார். டிவித் திரையில் தோன்றும் குறியீட்டை அந்தந்த ஓடிடியின் சொந்தப் பக்கத்திலோ செயலியிலோ உள்ளிடுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கணக்கு உங்கள் கைபேசி எண்ணில் இருந்தால் ஓடிபி உங்களுக்கே வரும். அதை நீங்களே அவர்களை அழைத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

"பாக்காத ஆப்புக்கும் பணம் போய்க்கிட்டே இருக்கு"

செயலியை டிவியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், எந்தெந்த நிறுவனத்துக்குத் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். அட்டை வழியே எடுக்கப்படும் தொகைக்கு, 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வந்தாக வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி அப்பாவின் கைபேசியில் படிக்கப்படாமல் கிடக்கும். முதல் மாத இலவசத்துக்காக இசைந்த சந்தாக்களே இந்தப் பட்டியலில் அதிகம் தென்படும்.

பழைய இணைப்பின் கணக்கையும் அதே நேரத்தில் முடித்துவிடுங்கள். டிடிஹெச் முன்பணத் திட்டம் என்பதால் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே நின்றுவிடும். ஆனால் அதற்கும் ஆட்டோபே கொடுத்திருந்தால் யாரும் பார்க்காத பெட்டிக்கு மாதாமாதம் பணம் போகும். கேபிளாக இருந்தால், செட்டாப் பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமா, ஆபரேட்டருடையதா என்று கேட்டு, திருப்பித் தர வேண்டியதானால் ரிமோட், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, இன்ன தேதியோடு இணைப்பு முடிந்தது என்று வாட்ஸ்அப்பிலாவது அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.